மயெகெரி என்றால் முன்னுதை: கராத்தேயின் ஜப்பானியச் சொற்களைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை கராத்தே வகுப்பு எடுக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வரும் முப்பது பிள்ளைகளுக்கு, பட்டைத் தேர்வுக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சொற்கள் அடங்கிய தாள் ஒன்று தரப்பட்டிருக்கிறது. சொற்கள் உரோமன் எழுத்தில் இருக்கின்றன, பொருள் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்துவிட்டு அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தமிழாக்கிச் சொல்லிக் கொடுத்துவிடலாமா, அல்லது அந்தச் சொற்களை மனத்தில் நிறுத்த வேறு வழி இருக்கிறதா என்பதே அவர் கேட்பது.

தம்பி, தமிழாக்கிவிட வேண்டாம். அந்தத் தாளை மனனம் செய்ய வைக்கவும் வேண்டாம். நான் அதே ஊரில் 1980களில் கராத்தே கற்றவன், பிறகு முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். இந்த இரண்டு அனுபவமும் சேர்ந்து எனக்குக் காட்டியது என்னவென்றால், அந்தத் தாளில் உண்மையில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் இல்லை. ஏறக்குறைய நாற்பத்தைந்து துண்டுகள்தாம் இருக்கின்றன, மற்றவை எல்லாம் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாகும் தொடர்கள். அவை சேரும் முறையோ, பெரும்பாலும் நம் தமிழில் சொற்கள் சேரும் முறையாகவே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது ஜப்பானிய மொழியன்று. அதற்கும் அவர்களுக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கும் ஆங்கிலம்.

சொற்களை ஏன் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் நடக்கும் ஒரு போட்டிக்கு நம் பிள்ளை போனால் எதிரே நிற்பவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், நடுவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். அந்தக் களத்தில் ‘யமெ’ என்ற ஒலி காதில் விழுந்த கணத்தில் கை நின்றாக வேண்டும், நிற்கவில்லையென்றால் தண்டனை கிடைக்கும். ‘நிறுத்து’ என்று பழகிய காது அங்கே அரை நொடி பின்தங்கிவிடும். கட்டளைச் சொற்கள் ஜப்பானியத்திலேயே இருக்கட்டும். அவற்றின் பொருளை விளக்கும் மொழி தமிழாக இருக்கட்டும்.

இனி துண்டுகளுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு முதலில் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குங்கள். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. தமிழில் சொன்னால் நத்தையாறு. பத்து காஜா என்பதில் பத்து கல், காஜா யானை, தமிழில் யானைக்கல். மலாய் மொழி பெயர்ச்சொல்லை முன்னே வைத்து அடைமொழியைப் பின்னே வைக்கிறது, தமிழ் அதைத் தலைகீழாக வைக்கிறது. ஜப்பானிய மொழி இதில் தமிழின் பக்கம் நிற்கிறது. ‘மயெ’ என்றால் முன், ‘கெரி’ என்றால் உதை, ஆகவே ‘மயெகெரி’ முன்னுதை. ‘யொக்கொ’ என்றால் பக்கம், ஆகவே ‘யொக்கொகெரி’ பக்கவுதை. ‘உஷிரொ’ என்றால் பின், ‘உஷிரொகெரி’ பின்னுதை. ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதன் முன்னே வேறு வேறு அடைகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினால், ஏழு வயதுப் பிள்ளைகூடப் பத்து நிமிடத்தில் நான்கு உதைகளின் பெயரைத் தானே கட்டிவிடும்.

இதைவிட நெருக்கமான ஒற்றுமை ஒன்று உண்டு. தமிழில் ஊறுகாய், சுடுநீர் என்று வினையடியையும் பெயரையும் காலம் காட்டாமல் ஒட்டிவிடுகிறோமே, அந்த வினைத்தொகை போன்ற சேர்க்கை கராத்தேச் சொற்களில் நிறைய வருகிறது. ‘ஒயிஸுக்கி’ என்பதில் ‘ஒயி’ துரத்துவதைக் குறிக்கும் வினை, ‘ஸுக்கி’ குத்து. துரத்துகுத்து என்று சொன்னால் பொருள் அப்படியே வந்துவிடுகிறது. காலை முன்வைத்து எதிரியைத் துரத்திக்கொண்டு போய்க் குத்துவதுதான் அது. ஆங்கிலத் தாளில் இதற்கு வெறுமே பாய்ந்து குத்துவது என்ற பொருளில் ஏதோ போட்டிருக்கும். துரத்தல் அதில் காணாமற்போய்விடும். ‘கிஸமிஸுக்கி’ என்ற முன்கைக் குத்தில் வரும் ‘கிஸமி’ என்பது காயைக் கொத்தி நறுக்குவதற்குரிய வினை. கத்தி பலகையில் எப்படிச் சட்டென்று விழுந்து எழுகிறதோ அப்படி அந்தக் குத்து இருக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிக் கொடுக்கிறது. ‘மவஷிகெரி’ என்பதில் வரும் ‘மவஷி’ சுழற்றுவது. தமிழில் சுழல் என்பது தன்வினை, சுழற்று என்பது பிறவினை அல்லவா? ஜப்பானியத்திலும் இதே இணை இருக்கிறது. வகுப்பில் திரும்பச் சொல்ல ‘மவத்தெ’ என்று கட்டளை கொடுக்கிறீர்களே, அது தன்வினையான சுழல். உதையின் பெயரில் இருப்பது பிறவினையான சுழற்று. ‘மவத்தெ’ என்பதில் நாம் திரும்புகிறோம், ‘மவஷிகெரி’ என்பதில் காலைச் சுழற்றுகிறோம். இரண்டும் ஒரே வேர் என்று காட்டிவிட்டால் இரண்டு சொற்களின் பாரம் ஒன்றாகிவிடும்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு, தமிழும் ஜப்பானியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று வகுப்பில் அறிவித்துவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படிப்பட்ட உறவு உண்டென்று நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நமக்கு வேண்டியது உறவன்று, கற்பதற்கு ஒரு கைப்பிடி.

தாளைப் பார்க்கும் பிள்ளைகளைக் குழப்பும் முதல் விஷயம் ஒலி மாற்றம். தனியே சொல்லும்போது உதைக்குப் பெயர் ‘கெரி’தான், ஆனால் அதன் ககரத்தைக் ‘கல்’ என்ற சொல்லின் ககரம்போல் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்னொரு சொல்லோடு சேரும்போது அந்தக் ககரம் ‘தங்கம்’ என்ற சொல்லின் ககரம்போல் இளகிவிடும். அதேபோல் தனியே ‘த்ஸுக்கி’ என்பது சேரும்போது ‘ஸுக்கி’ ஆகி, வண்டின் ரீங்காரம்போல் அதிர்ந்து ஒலிக்கும். ‘ஹரய்’ என்ற துடைப்பு ‘கெதன் பரய்’ என்னும்போது பகரமாகிவிடுகிறது. இது பிழையோ விதிவிலக்கோ அன்று, அந்த மொழியின் புணர்ச்சி. மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை ஆவதை நாலாம் ஆண்டில் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைப்போன்றதுதான். நாம் வல்லினத்தை மிகுவிக்கிறோம், அவர்கள் வல்லினத்தை இளக்குகிறார்கள். நம் விதியைப் போலவே அதுவும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ‘கராத்தே’ என்ற பெயரில் கையைக் குறிக்கும் ‘தெ’ இளகாமலேதான் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ககரத்தை இளக்கித் தனியே ‘கெரி’ என்று சொன்னால் ஜப்பானியத்தில் அது வயிற்றுப்போக்கு. ‘இன்று நூறு கெரி போட வேண்டும்’ என்று வகுப்பில் முழங்கும் மாஸ்டர்களை நான் கண்டிருக்கிறேன், நானே முழங்கியும் இருக்கிறேன். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், அதன் பிறகு அந்தப் புணர்ச்சி விதியை மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது குழப்பம், ஒரே பொருளுக்கு இரண்டு துண்டுகள் இருப்பது. முன் என்பதற்கு ‘மயெ’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். ஆனால் முன்காலை மடக்கி நிற்கும் நிலைக்கு ‘ஸென்குத்ஸுதச்சி’ என்று பெயர் வருகிறது. அதில் முன் எங்கே? ‘ஸென்’ என்பதுதான் முன். பின் என்பதற்கு ‘உஷிரொ’ இருக்க, பின்காலில் எடையைப் போடும் நிலைக்குக் ‘கோக்குத்ஸுதச்சி’ என்று பெயர். அதில் ‘கோ’ பின், ‘குத்ஸு’ மடக்கு, ‘தச்சி’ நிலை. கை ‘தெ’, ஆனால் கைவிளிம்பை வாளாக்கும்போது ‘ஷுதோ’, அதாவது கைவாள். கால் ‘அஷி’, ஆனால் பாதவிளிம்பு ‘ஸொக்குதோ’, கால்வாள். ஜப்பானியர் சீன எழுத்துகளை வாங்கிக்கொண்டபோது அவற்றோடு சீன ஒலியையும் வாங்கிக்கொண்டு, தங்கள் சொந்தச் சொல்லையும் அதே எழுத்துக்குரியதாக வைத்துக்கொண்டார்கள். நமக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. நீர் என்றும் ஜலம் என்றும், கண் என்றும் நேத்திரம் என்றும் இரண்டு வைத்துப் புழங்குகிறவர்கள் நாம். கோயிலில் ஒரு சொல், சமையற்கட்டில் ஒரு சொல் என்று பிள்ளைகளுக்கே தெரியும். ‘மயெ’ தமிழ்ச் சொல் போன்றது, ‘ஸென்’ வடசொல் போன்றது என்று சொன்னால் போதும்.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு ‘தன்’. மேல்நிலை ‘ஜோதன்’, நடுநிலை ‘ச்சூதன்’, கீழ்நிலை ‘கெதன்’ என்று முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். கறுப்புப் பட்டையின் முதல் தரத்தை ‘ஷொதன்’ என்கிறோம். இந்த நான்கிலும் இருக்கும் ‘தன்’ ஒரே எழுத்துத்தான், படி என்பது அதன் பொருள். ‘ஷொ’ என்பது ஒன்று என்ற எண் அன்று, தொடக்கம் என்று பொருள். கறுப்புப் பட்டை வாங்கியவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்கும் பெற்றோரிடம், அந்தப் பட்டையின் பெயரே தொடக்கப்படி என்பதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்கு முந்திய தரங்களான ‘க்யூ’ மட்டும் வழக்கமாகப் பத்திலிருந்து ஒன்றுவரை இறங்கி வருகின்றன, ‘தன்’ ஒன்றிலிருந்து ஏறிப் போகிறது. எத்தனை க்யூ, எந்த க்யூவுக்கு என்ன நிறம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். அதைப் பற்றிப் பிள்ளைகள் சண்டையிட்டால் தலையிட வேண்டாம்.

இப்போது எழுத்து. அந்த உரோமன் தாளை ஒதுக்கிவிட்டுத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானியத்தில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும், உயிரெழுத்துகளில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும்கூடக் குறில் நெடில் உண்டு. உரோமன் எழுத்தில் அடிக்கப்படும் தாள்கள் பெரும்பாலும் நெடிலுக்கு அடையாளம் போடுவதில்லை. அதனால் ‘ஜோதன்’ நெடில், ‘ஷொதன்’ குறில் என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரியாது. தமிழில் எழுதினால் கேட்காமலேயே தெரிந்துவிடுகிறது. நாக்கு தொடும் இடத்திலும் நமக்கு ஆதாயம் உண்டு. ஜப்பானியரின் தகரம் நம் தகரத்தைப்போல் பல்லைத் தொட்டு வருவது. ஆங்கிலம் வழியாக வந்ததால் நாம் அதை டகரமாக்கி ‘டாச்சி’, ‘டான்’ என்று எழுதிவிட்டோம். ‘கராத்தே’ என்று எழுதியவர் தகரத்தைச் சரியாகப் பிடித்தார், ஆனால் நடுவிலும் கடைசியிலும் நெடிலைக் கூட்டிவிட்டார். உண்மையில் அது மூன்று குறில்கள் மட்டும் கொண்ட சொல். பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் ‘டோஜோ’ என்பதையும் ‘தோஜோ’ என்று எழுதுவதே சரி. ஆயினும் பழகிப்போன அந்த இரண்டையும் நானே மாற்றுவதில்லை, ஊரோடு ஒத்துப் போகிறேன்.

இன்னொரு நன்மை எதிர்பாராமல் கிடைக்கிறது. தமிழில் உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினம் தானே இளகிவிடும் என்பதால், ‘மயெகெரி’ என்று சேர்த்து எழுதினால் பிள்ளையின் வாயில் ககரம் தானாகவே இளகும். நான் மேலே சொன்ன புணர்ச்சி, விதி சொல்லாமலேயே நடந்துவிடும். ஆனால் இதே இயல்பு வேறோர் இடத்தில் காலை வாரும். ஆறு என்னும் எண்ணுக்கு ‘ரொக்கு’ என்று எழுதுகிறேன், ஏனெனில் ஒற்றைக் ககரம் போட்டால் இளகிவிடும். ஆனால் ஜப்பானியத்தில் அது இரட்டைக் ககரமன்று. இரட்டித்து ஒலிப்பது ஆறாம் தரமான ‘ரொக்க்யூ’வில்தான். நம் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட இடமில்லை. இரட்டிக்கக் கூடாத இடத்தில் ஒற்றின் கீழே பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக் கொடுப்பது என் வழக்கம்.

உகரத்தையும் இகரத்தையும் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. வல்லொலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட உகரமும் இகரமும் ஜப்பானியர் வாயில் ஏறக்குறைய மறைந்துவிடும். ‘மொக்குஸோ’ என்று எழுதப்படும் கண்மூடித் தியானக் கட்டளை ‘மொக்ஸோ’ என்றே காதில் விழும். நம் இலக்கணத்தில் குற்றியலுகரம், குற்றியலிகரம் என்று மாத்திரை குறைந்து ஒலிப்பவை இருக்கின்றன. இடம் வேறு, ஆனால் குறுகும் பழக்கம் ஒன்றுதான். இதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை, என் பாட்டியிடம் கற்றேன். நான் லயத்து வாசலில் நின்று ‘இச்சி, நி, ஸன், ஷி, கொ, ரொக்கு, ஷிச்சி, ஹச்சி, கு, ஜூ’ என்று எண்ணிக்கொண்டு குத்துப் பழகியபோது, உள்ளேயிருந்து அவர், ஏழைத் தவறாகச் சொல்கிறாய் என்றார். ‘ஷ்ச்சி’ என்று முதல் இகரத்தை விழுங்கிக் காட்டினார். ஜப்பானியர் ஆட்சியின் மூன்றரை ஆண்டுகளில், காலைப் பெரட்டில் வரிசையாக நின்று எண் சொல்லப் பழக்கப்பட்ட சிறுமி அவர். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட அவருடைய அண்ணன் திரும்பி வரவில்லை. பத்துவரை எண்ணிக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார், அதற்கு மேல் அன்று எதுவும் பேசவில்லை. உங்கள் பிள்ளைகளின் வீடுகளிலும் இந்த எண்களைக் கேட்டு முகம் மாறிய முதியவர்களின் நினைவு இருக்கக்கூடும். யாராவது பிள்ளை, எங்கள் தாத்தாவுக்கு இது பிடிக்காது என்று சொன்னால் அதற்கும் இடம் கொடுங்கள்.

எண்களில் வேறு இரண்டு செய்திகள் போதும். நான்கைக் குறிக்கும் ‘ஷி’ மரணத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒத்துப்போவதால், தரங்களைச் சொல்லும்போது ‘யொன்’ என்ற மற்றொரு பெயரைப் பயன்படுத்துவார்கள். நான்காம் தரம் ‘யொன்க்யூ’. அடுத்தது, ‘இப்பொன் குமித்தெ’, ‘ஸம்பொன் குமித்தெ’, ‘கொஹொன் குமித்தெ’ என்று ஒருமுறை, மும்முறை, ஐம்முறைத் தாக்குதல் பயிற்சிகள் இருக்கின்றனவே, அவற்றில் வரும் ‘ஹொன்’ எண்ணிக்கைக்கு ஒட்டும் சொல். இதைத் தமிழால் விளக்க முயன்று நான் தோற்றிருக்கிறேன், மலாயால் விளக்கினால் உடனே விளங்கிவிடும். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் பென்ஜோடோ பிலாங்கான்தான் இது. பென்சிலுக்கு ‘செபாத்தாங்’ என்று சொல்கிறார்களே, அந்த ‘பாத்தாங்’ போல நீண்ட பொருள்களை எண்ணும் சொல் ‘ஹொன்’. முன்னே வரும் எண்ணைப் பொறுத்து அது ‘பொன்’ என்றும் அதிர்ந்த பகரத்தோடும் மாறும். ஒன்று என்று பொருள்படும் ‘இப்பொன்’னுக்குப் போட்டியில் 3 புள்ளி கொடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். ஒரே ஒரு தீர்க்கமான தாக்குதலோடு ஆட்டம் முடிந்துவிடும் பழைய முறையிலிருந்து வந்த பெயர் அது. இன்றைய உலகக் கூட்டமைப்பின் விதியில் ‘வஸஅரி’க்கு 2, ‘யூகோ’வுக்கு 1.

எண்கள் தெரிந்த பிள்ளைக்குக் காலப்போக்கில் கத்தாக்கள் என்னும் வரிசைப்படுத்திய அசைவுத் தொடர்களின் பெயர்களும் திறந்துகொள்ளும். ‘கொஜூஷிஹொ’ என்பது ஐந்து, பத்து, நான்கு, அடி. நாம் ஐந்தையும் பத்தையும் சேர்த்து ஐம்பது என்பதுபோல அவர்களும் சேர்க்கிறார்கள், ஆகவே ஐம்பத்து நான்கு அடி. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை.

ஒரு சொல்லில் மட்டும் நீங்கள் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது ‘உக்கெ’. ஆங்கிலத் தாளில் இதற்குத் தடுப்பு என்ற பொருள்தான் போட்டிருக்கும், நாமும் அதையே தமிழில் தடுத்தல் என்று சொல்லி வந்தோம். ஆனால் ‘உக்கெ’ என்பது பெறுதல், ஏற்றல், வாங்குதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வருவது. தேர்வு எழுதுவதைச் சொல்லவும் ஜப்பானியர் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். தடு என்று சொன்னால் பிள்ளை கையை மரக்கட்டைபோல் விறைப்பாக்கிக் குறுக்கே வைக்கிறது, எலும்பும் எலும்பும் மோதி அழுகிறது. வாங்கு என்று சொன்னால், எறிந்த தேங்காயை வாங்குகிறவன் கையைச் சற்றுப் பின்னே இழுத்து வாங்குவதுபோல், வரும் விசையோடு சேர்ந்து கையைத் திருப்புகிறது. அடி வாங்குவது என்று நம் மொழியில் தோல்விக்குச் சொல்கிறோம். அங்கே அடியை வாங்கத் தெரிவதுதான் கலை. ‘அகெ உக்கெ’ என்பதை மேல்தடுப்பு என்று சொல்வதைவிட உயர்த்தி வாங்குதல் என்று சொன்னால் முன்கை எப்படி உருண்டு எழ வேண்டும் என்பது விளங்கும்.

அந்த ‘உக்கெ’யோடு சேரும் ‘உச்சி’, ‘ஸொத்தொ’ இரண்டும் தொல்லை தருபவை. ‘உச்சி’ உள்ளே, ‘ஸொத்தொ’ வெளியே. நம் பிள்ளைகள் உச்சி என்றவுடன் தலை உச்சியை நினைத்துக் கையை மேலே தூக்குவார்கள், அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பெரிய தொல்லை, ஷோத்தோகன் மரபில் வெளியிலிருந்து உள்நோக்கி வரும் கையசைவை ‘ஸொத்தொ உக்கெ’ என்கிறார்கள். வேறு சில மரபுகளில் அதே அசைவுக்கு ‘உச்சி உக்கெ’ என்று பெயர். ஒரு சாரார் கை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்கிறார்கள், மற்றவர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கிறார்கள். வேறு மன்றத்திலிருந்து மாறி வந்த பிள்ளை தவறாகச் செய்தால் திட்டாமல், முதலில் எந்த மரபில் கற்றது என்று கேளுங்கள். இது போதாதென்று ‘ஷுதோ உச்சி’ என்று வரும் ‘உச்சி’ வேறு சொல். அதற்கு அடித்தல் என்று பொருள். நமக்கு மாலை என்றால் பொழுதும் ஆகும், பூவும் ஆகும் என்பதுபோலத்தான். கராத்தே என்ற பெயரின் கதையே இப்படிப்பட்டதுதான். சீனக் கை என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்டு வந்த அந்தச் சொல்லை, ஒலியை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி வெறுங்கை என்று ஆக்கினார்கள். 1936இல் ஒக்கினாவாவின் நஹா நகரில் கூடிய ஆசான்கள் அந்த எழுத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

வணக்கச் சொற்களைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனெனில் அவை மிக எளியவை. ‘ஸென்ஸேய் நி ரேய்’ என்பதில் ‘நி’ நம்முடைய ‘கு’ வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஆசிரியர், கு, வணக்கம் என்று சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் ஆசிரியருக்கு வணக்கம் என்று வரிசை மாறாமல் வந்துவிடும். ‘ஷோமென் நி ரேய்’ முன்புறத்துக்கு வணக்கம், ‘ஒதகய் நி ரேய்’ ஒருவருக்கொருவர் வணக்கம். நடுவர் ‘அக்க நொ கச்சி’ என்றால் சிவப்பின் வெற்றி. ‘நொ’ என்பது ‘இன்’. ‘ஸென்ஸேய்’ என்பதற்கு எழுத்துப்படி முன் பிறந்தவர் என்று பொருள். அதைப் பிறர்தான் சொல்ல வேண்டும்; தன்னைத் தானே அப்படி அழைத்துக்கொள்வது ஜப்பானில் நாகரிகமன்று. பிள்ளைகள் உங்களை அண்ணா என்றோ மாஸ்டர் என்றோ அழைத்தால் அதில் குறைவொன்றுமில்லை. எதற்கெடுத்தாலும் ‘ஒஸ்’ என்று கத்தும் பழக்கத்தை மட்டும் சற்றுக் கட்டுப்படுத்துங்கள், ஒக்கினாவா மரபுப் பள்ளிகள் பலவற்றில் அந்தச் சொல்லே புழங்குவதில்லை. ஆம் என்பதற்கு ‘ஹய்’ போதும்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மளிகைக் கடையில் கொடுக்கும் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தை அட்டைகளாக வெட்டி, ஓர் அட்டைக்கு ஒரு துண்டு என்று தமிழில் எழுதுங்கள். திசை காட்டும் துண்டுகளைப் பச்சை மையிலும், உதை, குத்து, வாங்குதல், நிலை ஆகியவற்றைச் சிவப்பு மையிலும் எழுதினால் நல்லது. ஒரு பிள்ளை பச்சையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் எடுத்துச் சேர்த்து வாசிக்க, மற்றவர்கள் செய்து காட்ட வேண்டும். சில சமயம் கராத்தேயில் இல்லாத சேர்க்கையும் வரும், ‘உஷிரொ உக்கெ’ என்று வந்தால் முதுகால் எப்படி வாங்குவது என்று ஆளுக்கொரு கோமாளித்தனம் செய்வார்கள். செய்யட்டும், சொல்லைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரும். முதல் வாரத்தில் உதைகளோடு மட்டும் நில்லுங்கள். இரண்டாம் வாரம் குத்தும் வாங்குதலும், மூன்றாம் வாரம் நிலைகளும் எண்களும். நான்காம் வாரம்தான் அந்த உரோமன் தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தாங்களே பிரித்துப் பொருள் சொல்ல முடிகிற சொற்களைப் பென்சிலால் அடித்துவிடச் சொல்லுங்கள். ‘ஹஜிமெ’ (தொடங்கு), ‘யமெ’ (நிறுத்து), ‘யோய்’ (தயாராகு), ‘நவொத்தெ’ (பழைய நிலைக்குத் திரும்பு) போன்ற தனிக் கட்டளைகளும் வேறு சிலவும் அடிபடாமல் எஞ்சும். மனனம் செய்ய வேண்டியவை அவை மட்டும்தான், அவற்றுக்கு மீதி இரண்டு வாரம் தாராளம். அவற்றில் எதையாவது பிரிக்க வழியிருக்குமோ என்று ஐயம் வந்தால் அந்தச் சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.